முழங்காற்சில்லு முறிவு நிலைநிறுத்தல்

முழங்காற்சில்லு முறிவு நிலைநிறுத்தல் என்பது, முழங்காலின் முன்புறத்தில் அமைந்துள்ள சில்லெலும்பு உடைந்து அதன் துண்டுகள் விலகிப் போகும்போது, அத்துண்டுகளை அறுவைச் சிகிச்சை மூலம் ஒன்றுசேர்த்து, எலும்பு மீண்டும் கூடும்வரை விலகாமல் பிடித்துவைக்கும் மருத்துவ முறை ஆகும். இதற்குக் கம்பிகள், திருகாணிகள், வலிய தையல் நூல்கள், தகடுகள் முதலியன பயன்படுத்தப்படுகின்றன. எல்லா முறிவுகளுக்கும் பொருந்தக்கூடிய ஒரே முறை என்று எதுவும் இல்லை. முறிவின் வடிவம், எலும்பின் வலிமை, அதனை மூடியுள்ள தோலின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தே முறை தெரிவு செய்யப்படுகின்றது. ஆய்வுக்கூடத்தில் மிக அதிக விசையைத் தாங்கும் முறையே நோயாளிக்கும் மிகச் சிறந்தது என்று கொள்ள முடியாது என்பது இத்துறையில் கிடைத்துள்ள முக்கியமான படிப்பினைகளுள் ஒன்றாகும்.

எலும்பு முறிவுகள் அனைத்திலும் ஏறத்தாழ 1 விழுக்காடு முழங்காற்சில்லு முறிவுகளாகும். இவை 20 முதல் 50 வயது வரையானோரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன. பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக ஏற்படுகின்றன.

உடற்கூறும் இயக்கமும்

தசைநாணுக்குள் பதிந்து உருவாகும் எலும்புகள் எள்ளெலும்புகள் எனப்படுகின்றன. மனித உடலில் உள்ள எள்ளெலும்புகளுள் மிகப் பெரியது முழங்காற்சில்லு ஆகும். தொடையின் முன்புறத்தில் உள்ள நாற்றலைத் தசையின் தசைநாண் சில்லின் மேல்விளிம்பில் இணைகின்றது. சில்லின் கீழ்முனையில் இருந்து தொடங்கும் சில்லுத் தசைநாண் கீழ்க்காலின் முன்னெலும்பில் சென்று இணைகின்றது. சில்லின் இரு பக்கங்களிலும் பக்கப் பிடிநார்கள் உள்ளன. இவை யாவும் சேர்ந்து முழங்காலை நீட்டும் ஒரே தொடராகச் செயற்படுகின்றன. சில்லு குறுக்காக உடைந்து, பக்கப் பிடிநார்களும் கிழிந்துவிட்டால் இத்தொடர் அறுந்துவிடுகிறது. அந்நிலையில் நோயாளியால் காலை நேராக நீட்டி உயர்த்த இயலாது.

சில்லின் பணி ஒரு நெம்புகோலின் பணியை ஒத்தது. அது தசைநாணை மூட்டின் சுழலச்சிலிருந்து முன்னோக்கித் தள்ளி வைக்கின்றது. இதனால் தசை இழுக்கும் அதே விசைக்குக் கூடுதலான திருப்புவிசை கிடைக்கின்றது. சில்லை அகற்றிவிட்டால் காலை நீட்டும் ஆற்றல் பெருமளவு குறைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

சில்லின் பின்புறம் குருத்தெலும்பால் மூடப்பட்டுள்ளது. மனித உடலின் மூட்டுகளில் உள்ள குருத்தெலும்புகளுள் மிகத் தடிப்பானது இதுவாகும். மாடிப்படி ஏறும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே உடல் எடையைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு அமுக்கவிசையும், முழுமையாகக் குந்தும்போது ஏறத்தாழ 7 மடங்கு அமுக்கவிசையும் உண்டாகின்றன. எனவே துண்டுகள் கூடினால் மட்டும் போதாது. மூட்டுப்பரப்பு மேடுபள்ளமின்றிச் சமமாக அமைவதும் அவசியமாகும். சமமின்மை எஞ்சினால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு ஏற்படக்கூடும்.

சில்லின் முன்புறத்தில் தசை எதுவும் இல்லை. மெல்லிய தோலும் அதன் கீழுள்ள மெல்லிய இழையங்களுமே எலும்பை மூடியுள்ளன. இந்த எளிய உண்மை, பின்னர் கூறப்படும் ஒப்பீடுகளில் பெரும் பங்கு வகிக்கின்றது.

முறிவின் வகைகள்

முழங்கால் தரையிலோ வண்டியின் முன்பலகையிலோ நேரடியாக மோதுவதாலும், தடுக்கி விழாமல் இருக்க முயலும்போது நாற்றலைத் தசை திடீரெனச் சுருங்குவதாலும் சில்லு உடையலாம். முறிவுகள் அவற்றின் வடிவத்தைக் கொண்டு பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

• குறுக்கு முறிவு: சில்லு மேல், கீழ் என இரண்டாகப் பிரிகின்றது. துண்டுகளைத் தசை மேல்நோக்கியும் சில்லுத் தசைநாண் கீழ்நோக்கியும் இழுப்பதால் இடைவெளி எளிதில் உண்டாகின்றது.
• விண்மீன் வடிவ முறிவு: நேரடி மோதலால் சில்லு பல துண்டுகளாக நொறுங்குகின்றது.
• நெடுக்கு முறிவு: மேலிருந்து கீழாக உடைகின்றது. தசையின் இழுவை முறிவுக் கோட்டின் திசையிலேயே அமைவதால் துண்டுகள் பெரும்பாலும் விலகுவதில்லை.
• முனை முறிவு: மேல்முனை அல்லது கீழ்முனை தசைநாணுடன் பிய்ந்து வருகின்றது. கீழ்முனையின் பின்புறத்தில் மூட்டுப்பரப்பு இல்லை.

சிலருக்குப் பிறவியிலேயே சில்லு இரு பகுதிகளாக இருப்பதுண்டு. பெரும்பாலும் மேல்-வெளி மூலையில் ஒரு சிறு துண்டு தனித்து இருக்கும். ஊடுகதிர்ப் படத்தில் இதனை முறிவு எனத் தவறாகக் கருத வாய்ப்புள்ளது. அத்துண்டின் விளிம்பு கூர்மையின்றி மழுங்கியிருப்பதும், பலருக்கு இரு முழங்கால்களிலும் அவ்வாறே அமைந்திருப்பதும் வேறுபடுத்தி அறிய உதவுகின்றன.

அறுவை தேவைப்படும் நிலை

துண்டுகள் விலகாமலும் காலை நீட்டும் ஆற்றல் குன்றாமலும் இருப்பின் அறுவை தேவையில்லை. முழங்காலை நேராக வைத்து மாவுக்கட்டோ தாங்கியோ இட்டு, ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் வரை பாதுகாத்தால் போதுமானது. கால் நேராக இருக்கும் நிலையில் எடை ஊன்றி நடப்பதும் பெரும்பாலும் அனுமதிக்கப்படுகின்றது.

பின்வரும் நிலைகளில் பொதுவாக அறுவை பரிந்துரைக்கப்படுகின்றது.

• நோயாளியால் காலை நேராக நீட்டி உயர்த்த இயலாமை
• துண்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி
• மூட்டுப்பரப்பில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயர்வு தாழ்வு
• தோல் கிழிந்து முறிவு வெளிப்பட்டிருத்தல்

வலி மிகுதியால் மட்டும் நோயாளி காலை உயர்த்தாமல் இருக்கக்கூடும். எனவே மூட்டினுள் தேங்கிய குருதியை ஊசி மூலம் வெளியேற்றி, உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தியபின் மீண்டும் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சில்லு முறிவுகள் கட்டுகளாலும், ஓய்வாலும், தோலின் வழியே துண்டுகளைப் பற்றி இழுக்கும் கொக்கிகளாலும் சிகிச்சை செய்யப்பட்டன. அத்தகைய உலோகக் கொக்கி ஒன்றைப் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் மல்கேன் வடிவமைத்தார். மூட்டைத் திறந்தால் கிருமித்தொற்று ஏற்பட்டுக் காலையோ உயிரையோ இழக்க நேரிடும் என்னும் அச்சமே திறந்த அறுவைக்குத் தடையாக இருந்தது.

ஜோசப் லிஸ்டர் அறிமுகப்படுத்திய கிருமியழிப்பு முறை இத்தடையை நீக்கியது. 1877 ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் எக்டர் கேமரனும், அதே ஆண்டில் இலண்டனில் லிஸ்டரும் மூட்டைத் திறந்து சில்லின் துண்டுகளை வெள்ளிக் கம்பியால் இணைத்தனர். லிஸ்டர் தாம் சிகிச்சை அளித்தவர்களைப் பற்றி 1883 ஆம் ஆண்டில் மருத்துவர்களின் அவையில் விளக்கினார்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு கருத்தும் செல்வாக்குப் பெற்றது. சில்லு பயனற்ற எச்ச உறுப்பு என்றும், உடைந்தால் அதனை முற்றாக அகற்றிவிடலாம் என்றும் பிரித்தானிய அறுவை மருத்துவர் ரால்ஃப் புரூக் 1937 இல் வாதிட்டார். பின்னர் வந்த ஆய்வுகள் சில்லை இழந்தவர்களின் கால் வலிமை குன்றுவதைக் காட்டியதால் இக்கருத்து கைவிடப்பட்டது.

செருமானிய அறுவை மருத்துவர் பிரீட்ரிக் பாவெல்ஸ் பொறியியல் கோட்பாடுகளை எலும்புக்குப் பொருத்தி, இழுவிசைப் பட்டைக் கொள்கையை முன்வைத்தார். 1958 இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஏ.ஓ. என்னும் எலும்பு முறிவு ஆய்வுக் குழு இதனைச் செம்மைப்படுத்திப் பரப்பியது.

இழுவிசைப் பட்டைக் கொள்கை

பச்சைக் குச்சி ஒன்றை வளைத்தால் அதன் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்கப்படும். முழங்கால் மடங்கும்போது சில்லின் முன்புறம் இழுவிசைக்கும், தொடை எலும்பின்மேல் அழுந்தும் பின்புறம் அமுக்கவிசைக்கும் உள்ளாகின்றன. ஆகவே குறுக்கு முறிவு முன்புறத்தில் வாய் திறக்கின்றது. முன்புறத்தில் நீளாத கம்பி ஒன்றை இறுகக் கட்டினால் முறிவு அங்கே திறக்க முடியாது. முழங்கால் மடங்கும்போது உண்டாகும் விசை, துண்டுகளை மூட்டுப்பரப்பின் பக்கத்தில் ஒன்றோடொன்று நெருக்கப் பயன்படும். முறிவைப் பிரிக்கக்கூடிய விசையையே அதனைச் சேர்க்கும் விசையாக மாற்றுவது இக்கொள்கையின் சாரமாகும்.

இக்கொள்கை செயற்படப் பின்புற எலும்பு நொறுங்காமல் இருத்தல் வேண்டும். நொறுங்கியிருந்தால் அமுக்கவிசையைத் தாங்க அங்கே திடமான எலும்பு இராது, துண்டுகள் உட்சரிந்துவிடும். மேலும், முழங்கால் ஏறத்தாழ நேராக உள்ளபோது எதிர்பார்த்த அமுக்கம் மூட்டுப்பரப்பில் உண்டாவதில்லை என அண்மைக்கால ஆய்வுக்கூடச் சோதனைகள் சில சுட்டிக்காட்டியுள்ளன. எனவே கொள்கையின் எல்லைகள் குறித்த விவாதம் தொடர்கின்றது.

நிலைநிறுத்தும் முறைகள்

1. கிர்ஷ்னர் கம்பிகளுடன் இழுவிசைப் பட்டை

உலகில் மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை இதுவாகும். செருமானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயரால் அழைக்கப்படும் விறைப்பான கம்பிகள் இரண்டு, சில்லின் மேலிருந்து கீழாக இணையாகச் செலுத்தப்படுகின்றன. பின்னர் வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்று, அவற்றின் முனைகளுக்குப் பின்னால் தசைநாண்களின் ஊடாகச் சென்று, சில்லின் முன்புறத்தில் 8 வடிவில் முறுக்கி இறுக்கப்படுகின்றது. இணைகம்பிகள் துண்டுகள் வழுக்குவதையும் சுழல்வதையும் தடுக்கின்றன. 8 வடிவக் கம்பி விலகுவதைத் தடுக்கின்றது.

இம்முறைக்கு ஆகும் செலவு குறைவு. சிறப்புக் கருவிகள் தேவையில்லை. ஆயினும் கம்பி எலும்பை ஒட்டிச் செல்லாமல் தசைநாணில் தள்ளிச் சென்றால், நாளடைவில் மென்மையான இழையத்தை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். முறிவில் இடைவெளி தோன்றும். கம்பி முனைகள் தோலை உறுத்துவதும், பின்னோக்கி நழுவுவதும் இதன் பிற குறைகளாகும்.

2. உட்டுளைத் திருகாணிகளுடன் இழுவிசைப் பட்டை

கிர்ஷ்னர் கம்பிகளுக்குப் பதிலாக, நடுவில் துளையுள்ள திருகாணிகள் இரண்டு செலுத்தப்பட்டு, அத்துளைகளின் வழியே 8 வடிவக் கம்பி கோக்கப்படுகின்றது. திருகாணிகள் துண்டுகளை முதலிலேயே நெருக்கிப் பிடிக்கின்றன. கம்பி தசைநாணில் அழுந்தாமல் எலும்பின் ஊடாகச் செல்வதால் தளர்வு குறைகின்றது.

திருகாணியின் நுனி எலும்புக்கு வெளியே நீளக்கூடாது. நீண்டால் அதன் கூரிய விளிம்பில் கம்பி மடிந்து அறுபடும். துண்டுகள் பெரியனவாகவும் எலும்பு வலியதாகவும் இருத்தல் வேண்டும். முதியோரின் நலிந்த எலும்பில் திருகாணியின் பிடி உறுதியாக அமைவதில்லை.

3. திருகாணிகள் மட்டும்

விலகிய நெடுக்கு முறிவுகளுக்கும், வலிய எலும்பில் ஏற்படும் எளிய குறுக்கு முறிவுகளுக்கும் திருகாணிகள் மட்டும் பயன்படுவதுண்டு. பல துண்டு முறிவுகளில் சிறு திருகாணிகளால் முதலில் துண்டுகளைச் சேர்த்து, இரு பெருந்துண்டுகளாக்கிய பின் வேறு முறை கையாளப்படுகின்றது.

4. சுற்றுக் கம்பிக்கட்டு

சில்லின் விளிம்பைச் சுற்றிக் கம்பியை வளையமாக இறுக்கும் பழைய முறை இது. வண்டிச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை இருப்பது போலப் பல துண்டுகளையும் ஒருசேர நெருக்குகின்றது. தனியே பயன்படுத்தினால் முன்புறம் வாய் திறப்பதைத் தடுக்கும் வலிமை இதற்குக் குறைவு. எனவே விண்மீன் வடிவ முறிவுகளில் இழுவிசைப் பட்டைக்குத் துணையாகவே பெரும்பாலும் இடப்படுகின்றது.

5. தையல் நூல்கள்

உலோகக் கம்பிக்குப் பதிலாக, பின்னப்பட்ட பாலியெசுத்தர் அல்லது பாலியெத்திலீன் நூல்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவை தோலை உறுத்துவது குறைவு என்பதால் மீண்டும் அறுவை செய்து அகற்ற வேண்டிய தேவையும் குறைகின்றது. கீழ்முனை பிய்ந்த முறிவுகளில், சில்லில் நெடுக்காகத் துளையிட்டு நூலைக் கோத்து மேல்விளிம்பில் முடிவது வழக்கம். எலும்பில் பதிக்கும் நங்கூரங்களும் இதற்குப் பயன்படுகின்றன.

6. தகடுகள்

சில்லின் வடிவுக்கேற்ப வளைக்கக்கூடிய மெல்லிய தகடுகள் 21ஆம் நூற்றாண்டில் கூடுதலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. பூட்டுத் தகட்டில் திருகாணியின் தலை தகட்டுடனேயே பூட்டிக்கொள்வதால், நலிந்த எலும்பிலும் கோணம் மாறாமல் நிற்கின்றது. நொறுங்கிய முறிவுகளில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பிடிக்க இயலுவது இதன் சிறப்பு. மீண்டும் மீண்டும் சுமையேற்றிய ஆய்வுக்கூடச் சோதனைகளில் தகடுகள் கம்பிகளைவிடக் குறைவாகவே தளர்ந்தன. ஆயினும் செலவு மிகுதி. அறுவையின்போது இழையங்களைக் கூடுதலாக விலக்க வேண்டியிருக்கலாம்.

7. பகுதி நீக்கமும் முழு நீக்கமும்

கீழ்முனை சேர்க்க இயலாதவாறு நொறுங்கியிருந்தால் அத்துகள்களை அகற்றி, தசைநாணை எஞ்சிய சில்லுடன் தைத்து இணைப்பர். முழுச் சில்லையும் அகற்றுவது வேறு வழியில்லாதபோது மட்டுமே செய்யப்படுகின்றது. முழு நீக்கத்துக்குப் பின் காலை நீட்டும் வலிமை பாதியளவு வரை குறையக்கூடும்.

ஒப்பீடு

இறந்தோரின் முழங்கால்களைக் கொண்டு 1997 இல் கார்ப்பெண்டரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றது. குறுக்கு முறிவை மூன்று முறைகளால் நிலைநிறுத்தி, எந்த விசையில் பிடி தளர்கின்றது என அதில் அளக்கப்பட்டது. சராசரி முடிவுகள் வருமாறு:

• கிர்ஷ்னர் கம்பிகளுடன் இழுவிசைப் பட்டை: 395 நியூட்டன்
• திருகாணிகள் மட்டும்: 554 நியூட்டன்
• உட்டுளைத் திருகாணிகளுடன் இழுவிசைப் பட்டை: 732 நியூட்டன்

இவை முறையே ஏறத்தாழ 40, 56, 75 கிலோகிராம் எடைகளைத் தொங்கவிடுவதற்கு நிகரானவை. இவ்வெண்களை மட்டும் நோக்கினால் மூன்றாவது முறையே எப்போதும் சிறந்தது எனத் தோன்றும்.

நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் வேறாக உள்ளன. 448 நோயாளிகளை ஆராய்ந்து 2013 இல் ஒசினோவும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், பிடி தளர்ந்து தோல்வியுற்றோர் கிர்ஷ்னர் கம்பிப் பிரிவில் 3.5 விழுக்காடு, உட்டுளைத் திருகாணிப் பிரிவில் 7.5 விழுக்காடு. மாறாக, உறுத்தல் முதலிய காரணங்களால் உலோகத்தை அகற்ற மறு அறுவை செய்துகொண்டோர் கம்பிப் பிரிவில் ஏறத்தாழ 37 விழுக்காடு. திருகாணிப் பிரிவில் ஏறத்தாழ 23 விழுக்காடு. அதாவது, ஆய்வுக்கூடத்தில் வலிமை மிகுந்த முறை நோயாளிகளிடம் தோல்வியைக் குறைக்கவில்லை. ஆனால் உறுத்தலைக் குறைத்தது.

இவ்வேறுபாட்டுக்கு ஆய்வின் இயல்பிலும் காரணம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் முறிவு இரம்பத்தால் நேராக அறுத்து உண்டாக்கப்படுகின்றது. உண்மையான முறிவிலோ ஊடுகதிர்ப் படத்தில் புலப்படாத சிறு துண்டுகளும் விரிசல்களும் இருக்கும். நோயாளி வழுக்கி விழலாம். அறிவுரையை மீறி முன்கூட்டியே காலை மடக்கலாம். எந்த நோயாளிக்கு எம்முறை என மருத்துவரே தெரிவு செய்வதால், இரு பிரிவினரும் எல்லா வகையிலும் ஒத்தவர்களாக இருப்பதும் இல்லை.

2012 இல் லெப்ரனும் பிறரும் வெளியிட்ட நீண்டகால ஆய்வு மேலும் ஒன்றை உணர்த்துகின்றது. எலும்பு நிலைநிறுத்தப்பட்டவர்களுள் 52 விழுக்காட்டினர் பின்னர் உலோகத்தை அகற்றிக்கொண்டனர். அகற்றாதவர்களுள்ளும் 38 விழுக்காட்டினர் உலோகத்தால் வலி இருப்பதாகத் தெரிவித்தனர். சில்லு முறிவு அறுவையில் எலும்பு கூடாமை அரிது. தோலுக்கடியில் உறுத்தும் உலோகமே அன்றாடத் தொல்லை ஆகும்.

அறுவையும் பின்பராமரிப்பும்

பொதுவாக முழங்காலின் முன் நடுவில் நெடுக்காகத் தோல் கீறப்படுகின்றது. துண்டுகளைச் சேர்த்தபின், கிழிந்த பக்கப் பிடிநாரின் வழியே விரலை விட்டு மூட்டுப்பரப்பு சமமாக உள்ளதா எனத் தடவிப் பார்ப்பதும், ஊடுகதிர்த் திரையில் சரிபார்ப்பதும் வழக்கம். பக்கப் பிடிநார்களைத் தைத்து மூடுவது எம்முறையிலும் தவிர்க்கக்கூடாத படியாகும்.

மூட்டை நெடுநாள் அசையாமல் வைத்தால் விறைப்பு ஏற்படும். முன்கூட்டியே மிகுதியாக மடக்கினால் பிடி தளரும். 1997 இல் வெளியான மற்றோர் ஆய்வில், இழுவிசைப் பட்டை இட்டு விரைவில் முழங்காலை அசைக்கத் தொடங்கியவர்களுள் 22 விழுக்காட்டினருக்கு முறிவு மீண்டும் விலகியது. எனவே, தாங்கி அணிந்து கால் நேராக உள்ள நிலையில் எடை ஊன்றச் செய்து, மடக்கும் கோணம் வாரந்தோறும் படிப்படியாகக் கூட்டப்படுகின்றது. எவ்வளவு விரைவாகக் கூட்டலாம் என்பதை அறுவையின்போது கண்ட பிடியின் உறுதியைக் கொண்டு மருத்துவர் தீர்மானிக்கின்றார். சம்மணமிட்டு அமர்வதும், குந்துவதும், மண்டியிடுவதும் அன்றாட வாழ்வின் பகுதியாக உள்ளவர்களுக்கு ஆழ்ந்த மடக்கம் மீள்வது இன்றியமையாதது. எலும்பு கூடியது ஊடுகதிர்ப் படத்தில் உறுதியான பின்னரே அவை அனுமதிக்கப்படும்.

சிக்கல்கள்

உலோக உறுத்தல், மூட்டு விறைப்பு, நாற்றலைத் தசையின் மெலிவு, கிருமித்தொற்று, பிடி தளர்தல், எலும்பு கூடாமை, பிற்கால மூட்டுத் தேய்வு ஆகியன அறியப்பட்ட சிக்கல்களாகும். உடைந்த கம்பித் துண்டு உடலின் வேறு பகுதிக்கு நகர்ந்து செல்வது மிக அரிதாகப் பதிவாகியுள்ளது. எனவே கம்பி உடைந்திருப்பது தெரியவந்தால் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும்.

முறையைத் தெரிவு செய்தல்

பொதுவான வழக்கத்தைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

• வலிய எலும்பில் எளிய குறுக்கு முறிவு: இழுவிசைப் பட்டை, கம்பிகளுடனோ உட்டுளைத் திருகாணிகளுடனோ
• விலகிய நெடுக்கு முறிவு: குறுக்கே இடப்படும் திருகாணிகள்
• பல துண்டு முறிவு: சிறு திருகாணிகளும் சுற்றுக் கட்டும் இழுவிசைப் பட்டையும் சேர்ந்து, அல்லது தகடு
• கீழ்முனை முறிவு: துளைவழித் தையல் அல்லது நங்கூரம், இயலாவிடில் பகுதி நீக்கம்
• முதியோரின் நலிந்த எலும்பு: பூட்டுத் தகடு அல்லது தசைநாணையும் சேர்த்துப் பற்றும் கம்பி, நூல் முறைகள்

இவற்றுள் எதுவும் மாறா விதி அன்று. ஒரே முறை, கம்பி எலும்பை ஒட்டிச் செல்கின்றதா, திருகாணி அளவாக உள்ளதா, பிடிநார்கள் தைக்கப்பட்டனவா என்பவற்றைப் பொறுத்து வெவ்வேறு பயனைத் தருகின்றது. அறுவைக்கு முன் நோயாளி அறிந்திருக்க வேண்டியவை இரண்டு: தமது முறிவு எவ்வகையைச் சேர்ந்தது என்பதும், எலும்பு கூடிய பின் உலோகத்தை அகற்ற இரண்டாவது அறுவை தேவைப்படக்கூடும் என்பதும் ஆகும்.